ஆகாரம் பகையாகும்போது

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்படிப்பட்ட கூடுகைகளில் காசநோய், கண் அறுவை, பிரசவம், சர்க்கரை வியாதி என்று நீங்கள் நன்றாக அறிந்த காரியங்களைக் குறித்தே பேசுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது, பலர் வியாதி என்றே எண்ணாத ஒன்று. ஆகாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதை வாயில் வைக்க முடியாமல் எலும்பும் தோலுமாய்ப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கும் தெரியாமல் அள்ளி அள்ளித் தின்றுவிட்டு, பின்பு வெட்கத்தினால் அதை வெளியேற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மருத்துவர்கள் இவற்றை உணவுக் கோளாறுகள் என்று அழைக்கிறார்கள்.

“ஒரு வேளைக் கஞ்சிக்கு வழியில்லாத பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, வைத்த சோற்றைத் தள்ளுகிறதும் ஒரு வியாதியா? எல்லாம் திமிர்” என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அந்தக் கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்லவே நான் எழுந்து நிற்கிறேன். சம்பவம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சபைகளின் சரித்திரத்திலும் அதற்கு இடம் உண்டு.

முப்பத்தாறு வாலிபர்கள்

அது 1944ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் வாடினார்கள். போர் முடிந்தவுடன் அவர்களுக்கு ஆகாரம் கொடுக்க வேண்டும். ஆனால் நெடுநாள் பட்டினி கிடந்த சரீரத்தை எப்படித் தேற்றுவது என்பது மருத்துவ உலகத்துக்குச் சரியாகத் தெரியாதிருந்தது.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் விஞ்ஞானி இதைக் கண்டறிய முன்வந்தார். மனச்சாட்சியின் நிமித்தம் ஆயுதம் எடுக்க மறுத்து, அதற்குப் பதிலாகப் பொதுச் சேவை செய்துகொண்டிருந்த வாலிபர்களை அவர் அணுகினார். அவர்களில் அநேகர் பிரதரன், குவேக்கர், மெனோனைட் ஆகிய சமாதான சபைகளைச் சேர்ந்தவர்கள். காலிப் பாத்திரங்களோடு நிற்கும் குழந்தைகளின் படம் போட்ட ஒரு துண்டுப்பிரசுரம் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. மற்றவர்கள் சாப்பிடும்படி நீங்கள் பசித்திருப்பீர்களா என்பதே அதன் சாரம். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒப்புக்கொடுத்தார்கள். சரீரத்திலும் மனதிலும் நல்ல திடமுள்ளவர்கள் என்று சோதித்து அவர்களில் 36 பேரைத் தெரிந்துகொண்டார்கள்.

1944 நவம்பரில் ஆராய்ச்சி தொடங்கியது. முதல் 12 வாரம் நல்ல சாப்பாடு. 1945 பெப்ரவரியிலிருந்து 24 வாரம், வழக்கமான அளவில் பாதி. ஒரு நாளைக்கு இரண்டே வேளை. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் போன்றவை. போரில் அடிபட்ட ஐரோப்பாவில் கிடைத்ததைப் போன்ற ஆகாரம் அது. அதோடு வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். அந்த ஆறு மாதத்தில் அவர்கள் தங்கள் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள்.

சரீரம் மெலியும் என்பது எதிர்பார்த்ததே. மனதில் நடந்ததுதான் எல்லாரையும் திகைக்கவைத்தது.

அந்த வாலிபர்களுக்கு ஆகாரத்தைத் தவிர வேறு நினைவே இல்லாமல் போயிற்று. படிப்பு, பாட்டு, நண்பர்கள், விவாதங்கள் எல்லாவற்றிலும் ருசி போய்விட்டது. நாவல் படித்தவர்கள் சமையல் புத்தகம் படித்தார்கள். சமையல் சாமான்களைச் சேர்த்தவர்களும் உண்டு. தட்டிலுள்ளதைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, மணிக்கணக்காக மென்று, கடைசியில் தட்டையே நக்கினார்கள். வயிற்றை ஏமாற்றக் காப்பியும் தேநீருமாய்க் குடித்தார்கள். கடைசியில் ஒரு நாளைக்கு ஒன்பது கோப்பைக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டவேண்டியதாயிற்று. ஒருவர் ஒரே நாளில் 40 பாக்கெட் சூயிங்கம் மென்றார். கோடைக்காலத்திலும் குளிருகிறது என்று போர்வை கேட்டார்கள். சராசரி நாடித்துடிப்பு 55இலிருந்து 35க்கு இறங்கியது. எரிச்சலும் சோர்வும் அழுகையும் வந்தன. தனிமையை நாடினார்கள். சிலருக்குத் தாங்கள் மெலிந்திருப்பது தெரியவில்லை. மற்றவர்கள் எல்லாரும் தடித்திருப்பதாகத் தோன்றியது. கட்டுப்பாடு மீறித் திருட்டுத்தனமாய்த் தின்றுவிட்டு, அதன்பின் குற்ற உணர்வினால் துடித்தவர்களும் உண்டு. ஒருவர் மனங்கலங்கித் தன்னையே காயப்படுத்திக்கொண்டார். கடைசிவரை நிலைத்தவர்கள் 32 பேர்.

இவர்கள் ஒருவரும் அழகுக்காகப் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். திமிரினாலும் அல்ல. பிறருக்காகத் தங்கள் சரீரத்தை ஒப்புக்கொடுத்த நல்ல பிள்ளைகள். ஆனாலும் பட்டினி அவர்கள் மனதை அப்படி மாற்றிப்போட்டது.

1946இல் பிரதரன் சபையாரின் பதிப்பகம் நிவாரண ஊழியர்களுக்காக இந்தப் பாடங்களை ஒரு சிறு கைந்நூலாக வெளியிட்டது. 1950இல் கீஸும் அவரது உடன் ஊழியரும் முழு ஆராய்ச்சியையும் இரண்டு பெரிய பாகங்களாக வெளியிட்டார்கள். அதை இன்றைக்கும் உணவுக் கோளாறு மருத்துவர்கள் புரட்டிப் பார்க்கிறார்கள். ஏனென்றால், சாப்பிட மறுக்கும் ஒரு பெண்பிள்ளையிடம் நாம் பிடிவாதம், பொய், எரிச்சல், பைத்தியம் என்று பெயர் சூட்டுகிற பல காரியங்கள், பட்டினி கிடக்கும் எந்த மூளையும் செய்கிறவைதான். அந்த வாலிபர்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று. அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தபோது ஆவலோடு சாப்பிட்டார்கள். நம் பிள்ளைக்கோ, ஆகாரம் எவ்வளவு அவசியமோ அவ்வளவு பயம் அதன்மேலேயே இருக்கிறது.

பல முகங்கள்

இந்த வியாதிகளில் முக்கியமான மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அனரெக்ஸியா நெர்வோசா. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து எடை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கண்ணாடியில் பார்த்தால் தடித்திருப்பதாகவே தெரியும்.

இரண்டாவது, புலிமியா நெர்வோசா. கட்டுப்பாடின்றி ஏராளமாய்த் தின்பதும், பின்பு அதை ஈடுகட்ட வாந்தி, பேதி மருந்து, பட்டினி, அளவற்ற உடற்பயிற்சி என்று போவதுமாக மாறி மாறி நடக்கும். இவர்கள் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருப்பதால் வருஷக்கணக்காக வீட்டாருக்கே தெரியாது.

மூன்றாவது, மிகைத் தீனிக் கோளாறு. அள்ளித் தின்பது உண்டு, வெளியேற்றுவது இல்லை. வெட்கமும் வேதனையும் மிகுதி. 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் வியாதிப் பட்டியலில் இது தனி வியாதியாக இடம் பெற்றது.

இது நேற்று வந்த நாகரிக வியாதியும் அல்ல. 1689இல் இலண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் தம் நூலில் இரண்டு பேரைக் குறித்து எழுதினார். ஒருத்தி பதினெட்டு வயதுப் பெண். சிகிச்சையை மறுத்து இறந்துபோனாள். மற்றவன் ஒரு போதகரின் மகன், ஏறக்குறைய 16 வயது. படிப்பை விட்டு நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டு, பாலும் நல்ல காற்றுமாய் இருந்து பெரும்பாலும் தேறினான். போதகர் வீட்டுக்கும் இது வரும், ஆண்பிள்ளைக்கும் வரும் என்பதற்கு மூன்று நூற்றாண்டுக்கு முந்திய சாட்சி அது. 1873இல் வில்லியம் கல் என்னும் இலண்டன் மருத்துவர் அனரெக்ஸியா நெர்வோசா என்ற பெயரை முன்வைத்தார். புலிமியாவை 1979இல் ஜெரால்ட் ரசல் விவரித்தார். 1983இல் அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் 32 வயதில் இறந்தபோதும், 1995இல் இளவரசி டயானா தமக்குப் புலிமியா இருந்ததைத் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னபோதும் உலகம் முழுவதும் இதைப் பேசியது.

ஏன் வருகிறது? ஒரே காரணம் இல்லை. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் பிறவிக்கூறு பெரும்பங்கு வகிப்பதைக் காட்டுகின்றன. 2019இல் வெளியான, பல நாட்டவர் சேர்ந்து செய்த மரபணு ஆய்வு, அனரெக்ஸியாவோடு தொடர்புள்ள எட்டு இடங்களை மனித மரபணுத் தொகுதியில் கண்டது. அவற்றில் சில மனநிலையோடும், சில சரீரம் சக்தியைச் செலவிடும் விதத்தோடும் தொடர்புடையவை. எதையும் குறையில்லாமல் செய்யவேண்டும் என்னும் சுபாவம், பதட்டம், கேலி, வன்கொடுமை, இழப்பு ஆகியவையும் சேரலாம். பெரும்பாலும் வாலிப வயதில் ஒரு சாதாரண டயட்டாகத் தொடங்கி, எடை இறங்கியபின் விட நினைத்தாலும் விட முடியாமல் போகிறது.

சுற்றிலும் காண்பவற்றுக்கும் பங்குண்டு. பிஜித் தீவில் பருமனான சரீரமே அழகு என்று எண்ணிவந்தார்கள். அங்கே நட்ரோகா என்னும் மாகாணத்துக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அந்த ஆண்டு பள்ளி மாணவிகளைக் கேட்டபோது, எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 1998இல், நூற்றுக்குப் பதினொருவர் அப்படிச் சொன்னார்கள். அங்கே வந்தது தொலைக்காட்சி மட்டும்தான். இன்று நம் பிள்ளைகளின் கையிலுள்ள கைபேசியோ இரவும் பகலும் ஓய்வதில்லை.

நம் நாட்டில்

“இதெல்லாம் வெள்ளைக்காரர் வியாதி” என்று சிலர் சொல்லக்கூடும். நம் நாட்டிலும் உண்டு. ஆனால் வேறு உடை உடுத்தி வருகிறது. 1995இல் டில்லி மருத்துவர்கள் சாப்பிட மறுத்து மெலிந்த ஐந்து இளம்பெண்களைக் குறித்து எழுதினார்கள். தடித்துவிடுவோம் என்ற பயம் அவர்களிடம் மேலைநாட்டாரிடம்போல் வெளிப்படவில்லை. 2007இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கோளாறோடு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இருந்தது மன அழுத்தத்தினால் வரும் வாந்தி.

ஆகவே நம் பெண்பிள்ளை “நான் தடிச்சுட்டேன்” என்று சொல்லாமல், “வயிறு கல்லு மாதிரி இருக்கு, ஜீரணமாகல, குமட்டுது” என்று சொல்லலாம். வீட்டார் வயிற்று மருத்துவரிடம் கொண்டுபோவார்கள். குழாய் விட்டுப் பார்ப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், ஒன்றும் இல்லை என்பார்கள். பிறகு மந்திரிப்பார்கள். “கலியாணம் பண்ணி வைங்க, எல்லாம் சரியாகும்” என்று அத்தை சொல்லுவாள். மனநல மருத்துவரிடம் போனால் நாளைக்கு மாப்பிள்ளை அமையாது என்ற பயத்தில் மாதங்கள் ஓடிவிடும். அந்த மாதங்கள்தான் உயிரைக் குடிக்கின்றன. மனநல வியாதிகளுக்குள்ளே மரணம் மிக அதிகமாய் நேரிடுகிறவற்றில் அனரெக்ஸியாவும் ஒன்று. சிலர் இருதயம் நின்று மரிக்கிறார்கள். சிலர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொள்கிறார்கள்.

எப்படி அறிவது?

தாய்மார்களும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் கவனிக்கவேண்டியவை இவை. “ஸ்கூல்லயே சாப்பிட்டேன்” என்று தினமும் சொல்வது. குடும்பமாய் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது. சோற்றை அளைந்துகொண்டே இருந்து தட்டை ஒதுக்குவது. மற்றவர்களுக்கு ஆசையாய்ச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் தொடாதிருப்பது. சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிடுவது. தொளதொளத்த உடை. வெயிலிலும் குளிர்வது. முடி கொட்டுதல், மாதவிலக்கு நின்றுபோதல், பல்லின் எனாமல் கரைதல், கன்னத்தின் கீழ்ப்புறம் வீங்குதல். சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போடும் பிள்ளை, எடை கூடுமென்று அஞ்சி ஊசியைத் தவிர்ப்பதும் இதில் சேரும். அது மிகவும் ஆபத்தானது.

இனி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவேண்டிய அடையாளங்கள்: மயங்கி விழுதல், நெஞ்சு படபடப்பு, நாடித்துடிப்பு மிகவும் மெதுவாகுதல், குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் கையூன்றாமல் எழுந்திருக்க முடியாமை, தண்ணீரையும் மறுத்தல், சாகவேண்டும் என்ற பேச்சு. அடிக்கடி வாந்தி எடுப்பவர் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். ஆனால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இருதயம் திடீரென்று தடுமாறலாம். எடையை மட்டும் பார்த்து ஆபத்தை அளக்கக்கூடாது.

முதலில் ஆகாரம்

ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறோம்? முதலில் நாடி, இரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை. மிகவும் மெலிந்தவருக்கு ஒரேயடியாய் விருந்து படைக்கமுடியாது. 1945இல் சிறைமுகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களில் சிலர், இரக்கமுள்ளவர்கள் கொடுத்த கொழுமையான உணவைச் சாப்பிட்டு மரித்துப்போனார்கள். பட்டினி கிடந்த சரீரத்துக்குள் மாவுச்சத்து திடீரென்று வந்தால் இன்சுலின் சுரக்கிறது. இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை உயிரணுக்களுக்குள் இழுக்கப்படுகின்றன. இரத்தத்தில் அவை குறைந்துபோக, இருதயம் தள்ளாடுகிறது. ஆகையால் தயமின் என்னும் வைட்டமினை முன்கூட்டியே கொடுத்து, தினமும் இரத்தம் பார்த்து, ஆகாரத்தை அளவோடு கூட்டுகிறோம். வீட்டில் பயந்துபோய், பலநாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு ஒரே நாளில் எல்லாவற்றையும் ஊட்டிவிடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

அதன்பின்புதான் மனதுக்குரிய ஆலோசனை. இந்த வரிசை முக்கியம். மினசோட்டாவில் கண்டது இதுவே: மனம் தெளியவேண்டுமானால் சரீரம் நிரம்பவேண்டும். மறுபடியும் சாப்பிடத் தொடங்கியபின்பும் அந்த வாலிபர்கள் உடனே சரியாகவில்லை. எவ்வளவு தின்றாலும் திருப்தி இல்லாமல் மாதங்கள் கழிந்தன. ஆகவே, எடை ஏறிவிட்டதே, இன்னும் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று பிள்ளையை அவசரப்படுத்தக்கூடாது.

எலியா தீர்க்கதரிசியின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். சூரைச்செடியின் கீழ்ச் சோர்ந்து, சாவை விரும்பிப் படுத்துக்கொண்டவரிடம் வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. விசுவாசம் குறைந்ததென்று கடிந்துகொள்ளவும் இல்லை. தட்டியெழுப்பி, அடையும் தண்ணீரும் காட்டினான். தூங்கவிட்டு, இரண்டாம் தரமும் சாப்பிடச் சொன்னான். கேள்விகளும் பேச்சும் பிறகுதான் வந்தன. எங்கள் வார்டு நடைமுறையும் ஏறக்குறைய அதுவே.

வீடே மருந்து

நூறு வருஷத்துக்கு மேலாக மருத்துவர்கள் வீட்டாரையே குறை சொல்லிவந்தார்கள். இந்த வியாதியஸ்தருக்குச் சொந்தக்காரர் நல்ல துணையல்ல என்று வில்லியம் கல் எண்ணினார். தாய்மார்கள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையார் இதைத் திருப்பிப்போட்டார்கள். 1987இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் வியாதி தொடங்கி, மூன்று ஆண்டுக்குள் சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளுக்குத் தனி ஆலோசனையைவிடக் குடும்பத்தோடு செய்யும் சிகிச்சையே அதிகப் பயன் தந்தது. பெற்றோர் வியாதிக்குக் காரணர் அல்லர். குணமாக்கும் கரங்கள் அவர்களே என்பது இன்று வாலிபப் பிள்ளைகளின் சிகிச்சைக்கு அஸ்திவாரமாயிருக்கிறது.

அந்தச் சிகிச்சை மூன்று படியாக நடக்கிறது. முதலில், எதை, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்பதைத் தாயும் தகப்பனும் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். எடை தேறத் தேற அந்தப் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்கிறார்கள். கடைசியாக, வாலிப வயதுக்குரிய மற்றக் காரியங்களைப் பேசித் தீர்க்கிறார்கள். பெரியவர்களுக்கும் புலிமியாவுக்கும் வேறு பேச்சு சிகிச்சைகள் உண்டு. சிலருக்கு மாத்திரையும் உதவுகிறது. முன்னதாக வந்தவர்கள் அதிகமாய்க் குணமாகிறார்கள். பல வருஷம் போராடியவர்களும் குணமாவதுண்டு; ஆகையால் ஒருவரையும் கைவிடவேண்டியதில்லை.

சாப்பாட்டு வேளையில் தாய் என்ன பேசுவாள்? “எத்தனை பேர் சோறில்லாம இருக்கான், நீ இப்படிப் பண்றியே” என்றால் குற்ற உணர்வு கூடும், தொண்டை இன்னும் அடைக்கும். “ஒரு வாய், எனக்காக” என்ற கெஞ்சலும் நெடுநாள் நிற்காது. இப்படிச் சொல்லிப்பாருங்கள்: “கண்ணு, இது உன் குத்தமில்ல. உனக்குப் பயமா இருக்குன்னு தெரியும். இந்த ரெண்டு இட்லியும் உனக்கு மருந்து. முடிக்கிறவரைக்கும் அம்மா பக்கத்துலயே இருக்கேன்.” கோபமும் வேண்டாம், பேரமும் வேண்டாம். பிள்ளை தட்டைத் தள்ளினாலும், கத்தினாலும், வியாதி பேசுகிறது என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். சாப்பிட்டு முடிந்தபின் ஒரு மணி நேரம் கூடவே இருங்கள். பல்லாங்குழி ஆடலாம், துணி மடிக்கலாம். தகப்பன்மார் இதைத் தாயின் தலையில் மட்டும் போட்டுவிட்டுப் போகக்கூடாது. இருவரும் ஒரே சொல்லில் நிற்கவேண்டும். கூடப்பிறந்த பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள், அவர்களும் பயந்துபோயிருக்கிறார்கள்.

சபை செய்யக்கூடியவை

ஒன்று, வாசலில் நின்று சரீரத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்துவோம். “என்னம்மா, இப்படித் தடிச்சுட்டே?” “அடேயப்பா, இளைச்சு அழகாயிட்டியே!” இரண்டுமே விஷம். குணமாகி வருகிற பிள்ளையிடம் “முகம் தெளிஞ்சிருச்சே” என்றால்கூட, “நான் தடித்துவிட்டேன்” என்று அவள் காதில் விழும். “உன்னைப் பார்த்ததில் சந்தோஷம்” என்பது போதும்.

இரண்டு, உபவாசம். வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் மேலைநாட்டுக் கேள்வித்தாளைக் கொடுத்துச் செய்து, 1989இல் வெளியான ஓர் ஆய்வில், மதரீதியான விரதத்தை மனதில் வைத்துச் சொன்ன பதில்களும் வியாதியின் அடையாளம்போல் தெரிந்தன. உபவாசம் வேறு, வியாதி வேறு. ஆனால் வியாதி உபவாசத்தின் போர்வையைப் போர்த்திக்கொள்ளக்கூடும். 1380இல் 33 வயதில் மரித்த சியன்னா நகரத்து கத்தரீனாளின் வாழ்க்கையை எழுதிய ரெய்மண்ட் குரு, சாப்பிடச் சொல்லியும் அவரால் முடியாமற்போனதைப் பதிவு செய்திருக்கிறார். அவருக்கு இன்றைய வியாதியின் பெயரைச் சூட்ட நாம் யார்? எனினும், பக்தியுள்ள ஒரு மகள் லெந்து நாட்கள் முடிந்தபின்னும் சாப்பிடாதிருந்தால், அவள் பரிசுத்தத்தை மெச்சுவதற்குமுன் அவள் நாடியைப் பிடித்துப் பாருங்கள். போதகர் ஐயாமாருக்கு ஒரு வேண்டுகோள்: உபவாச ஜெபத்தை அறிவிக்கும்போது, வியாதியஸ்தரும், கர்ப்பிணிகளும், ஆகாரத்தோடு போராடுகிறவர்களும் உபவாசிக்க வேண்டாம் என்று வெளிப்படையாய்ச் சொல்லுங்கள். அவள் வெட்கப்படாமல் சாப்பிட அந்த ஒரு வார்த்தை உதவும்.

மூன்று, அன்பின் விருந்திலும் வாலிபர் முகாமிலும் யார் எவ்வளவு போட்டுக்கொண்டார் என்று பார்க்காதிருப்போம். எடை குறைக்கும் போட்டி வைக்காதிருப்போம்.

நான்கு, அந்தக் குடும்பத்தைத் தாங்குவோம். வாரக்கணக்காகப் பிள்ளைக்குக் காவலிருக்கும் தாய்க்கு ஒரு பிற்பகல் ஓய்வு தேவை. ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஒருவர் தேவை. தினமும் எடுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும், கூலியை விட்டுவிட்டு வார்டில் தங்கும் தகப்பனுடைய வீட்டு அரிசிக்கும் பணம் தேவை. இந்த வியாதிக்குப் பெரிய இயந்திரமோ புதுக் கட்டிடமோ வேண்டியதில்லை. படுக்கை, பரிசோதனை, பயிற்சி பெற்ற செவிலியர், உணவியல் நிபுணர், பொறுமையாய்ப் பேச நேரமுள்ள ஆலோசகர், இவர்களே வேண்டும். நீங்கள் கொடுக்கும் காணிக்கை இப்படிக் கண்ணுக்குத் தெரியாத செலவுகளிலும் உயிர் காக்கிறது.

மனநல வியாதிக்கும் மற்ற வியாதிகளைப்போலவே காப்பீடு தரவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லுகிறது. உங்களுக்குக் காப்பீடு இருந்தால் கேட்டுப்பாருங்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணுக்கு இரவும் பகலும் இலவசமாய்ப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். அந்த எண்ணை ஜெப அறையின் சுவரிலும் வாலிபர் கூடும் இடத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

அன்பானவர்களே, இந்தக் கூட்டத்திலும் இந்தப் போராட்டத்தை ஒருவருக்கும் சொல்லாமல் சுமக்கிறவர் இருக்கலாம். அவருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பாவியென்றோ பலவீனரென்றோ ஒருவரும் சொல்லப்போவதில்லை. நீங்கள் நம்பும் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அவர் முதலில் புரிந்துகொள்ளாவிட்டால், இன்னொருவரிடம் சொல்லுங்கள்.

மற்ற எல்லாருக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். யவீருவின் மகளுக்கு வயது பன்னிரண்டு. அவள் உயிரோடு எழுந்தபோது எல்லாரும் பிரமித்து நின்றார்கள். அந்தப் பிரமிப்பின் நடுவே ஆண்டவர் கொடுத்த கட்டளை, அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்பதே. அந்த வேலையை அவர் பெற்றோரிடமும் சுற்றி நின்றவர்களிடமும் விட்டார். மத்தியான சாப்பாட்டு மணி அடிக்கப்போகிறது. உங்கள் பக்கத்தில் உட்காரும் பிள்ளையோடு படிப்பையும் பாட்டையும் பற்றிப் பேசிக்கொண்டு சாப்பிடுங்கள். தட்டைப் பற்றி ஒன்றும் பேசவேண்டாம்.